எண்பதில் பிடுங்கவும்

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் வடிவின் ஃபோன் நூறு சதவீதத்தில் நிற்கிறது. படுக்கும்போது செருகியதை விடிகிற வரை பிடுங்கவில்லை. அதுவும் உறையோடு, தலையணைக்குப் பக்கத்தில். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. லித்தியம் பேட்டரிக்கு நூறும் ஆகாது, பூஜ்யமும் ஆகாது, சூடு ஆகவே ஆகாது. இரண்டு மாதமாகக் கரடியாகக் கத்துகிறேன். என் பெண்டாட்டி காதில் போட்டுக்கொண்டால்தானே.

நான் இருபத்தாறு வருஷம் பேட்டரிக் கடையில் இருந்தவன். இன்வெர்ட்டருக்கும் லாரிக்கும் போடுகிற ஈய பேட்டரி. அதை எப்போதும் நிரப்பியே வைத்திருக்க வேண்டும், இறங்க விட்டால் கெட்டது. அந்தப் பழக்கத்திலேயே வீட்டு ஃபோன், லேப்டாப், வடிவின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் நூறு நூறாக ஏற்றி வைத்து மூன்றே வருஷத்தில் கெடுத்தேன். என் ஃபோன் அப்பளம் மாதிரி உப்பி முதுகு பிளந்த அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். இதற்கு எல்லாமே வேறு முறை. எண்பது கிலோமீட்டர் ஓடிய ஸ்கூட்டர் இப்போது ஐம்பதுக்கே முக்குகிறது. அந்தக் குற்றம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். இனி நடக்காது.

பிளக் பாயிண்டுக்கு மேலே எழுதி ஒட்டியாயிற்று: 'இருபதில் செருகவும். எண்பதில் பிடுங்கவும்.' பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு. எதை, எத்தனையில் செருகியது, எத்தனையில் பிடுங்கியது, கையெழுத்து. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். இதற்குப் போய் வடிவு, "எங்க போஸ்ட் ஆபீஸ்ல கூட இத்தன கையெழுத்து வாங்க மாட்டோம்" என்கிறாள். இதுவரை அவள் ஒரு கையெழுத்தும் போடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வடிவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. சப் போஸ்ட் மாஸ்டர். ஆனால் கொடைக்கானலில். முப்பது வருஷமாக மதுரையில் கவுண்டரில் உட்கார்ந்தவளை ஐம்பத்தைந்து வயதில் மலை ஏறச் சொல்கிறார்கள்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "போகணும்னு ஆசையா இருக்குங்க. ஒரு ஆபீஸ நானே நடத்திப் பாக்கணும். மாடியிலயே குவார்ட்டர்ஸாம், ரெண்டு பேருக்குத் தாராளம்ங்கிறாங்க."

"அங்கிட்டு ஒரே குளிரு. குளிர்ல லித்தியம் ஒழுங்கா சார்ஜ் ஏறாது, தெரியும்ல?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துரு" என்றேன்.

காரணத்தை இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். கடையை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. வடிவு காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருகிறாள். அந்த ஒன்பதரை மணி நேரத்தை ஓட்டுவதற்குள்ளேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நாள் முழுக்க, வாரம் முழுக்க என்றால் என்னால் முடியாது. வடிவு போகக் கூடாது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

"எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன். "குடுத்துட்டேன்" என்றாள். அந்த விவகாரம் முடிந்தது. மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஹைதராபாத்திலிருந்து மகள் நித்திலா பேசினாள். நோட்டு விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"அப்பா, இப்ப வர்ற ஃபோன்ல எண்பதுல தானா நின்னுக்கிற மாதிரி செட்டிங் இருக்கு. அதப் போட்டு விட்டுட்டு நிம்மதியா இருங்க. எதுக்கு பக்கத்துலயே காவல் இருக்கீங்க?"

"எங்க ரெண்டு ஃபோனும் பழசு, என்னதுல பேட்டரி மட்டுந்தான் மாத்துனேன். அதுல அந்த செட்டிங் கெடையாது."

"சரி. அம்மாகிட்ட பேசுனீங்களா?"

"தெனமும் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"பேட்டரியத் தவிர?"

அம்மாவும் மகளும் என்னைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். அப்போது அறுபத்திரண்டு சதவீதம். நோட்டில் எழுதினேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று மூக்குடைபட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வடிவு மத்தியானம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். சார்ஜ் தீர்ந்து ரிங் ரோட்டில் நின்றுவிட்டதாம். இந்தச் சித்திரை வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறாள். முகம் சிவந்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்டிப்போய் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

நான் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. கேட்டது இது: "முழுசா இறங்க விட்டுட்டியா? பூஜ்யத்துக்குப் போனா பேட்டரி செல்லு என்னத்துக்கு ஆகும்?"

"காலையில எத்தனையில பிடுங்குனீங்க?"

"எண்பதுல."

"ஃபுல்லா போட்டு வைங்கன்னு சொன்னேன்ல?"

நான் கணக்கை விளக்கினேன். பலவீனமான பேட்டரி, எண்பது சதவீதம் என்றால் நாற்பது கிலோமீட்டர், ஆபீஸ் போய்வர இருபத்திரண்டுதான், மிச்சம் பதினெட்டு. அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அந்த பேட்டரி பத்து வருசம் ஓடணும்னு பாக்குறீங்க. நான் இன்னைக்கி வீடு வந்து சேரணும்னு நீங்க பாக்கல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தூரப் பயணம் என்றால் கிளம்புகிற நேரத்தில் நூறு வரை ஏற்றலாம். ஏற்றியதும் ஓட்டிவிட்டால் ஒன்றும் ஆகாது, நூறிலேயே நாள் கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் கெடுதல். இது எனக்குத் தெரியும். அவள் தூரமாகப் போகிறேன் என்று சொல்லவில்லையே என்று ஒரு மணி நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னாள். நேற்று சாயங்காலம், "நாளைக்குக் கோட்ட அலுவலகத்துக்கும் போய்ட்டு வரணும், ஃபுல்லா போட்டு வைங்க" என்று தெளிவாகவே சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது.

கோட்ட அலுவலகத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வடிவு பேசவில்லை. சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நல்ல நாள். இந்த மாதத்தில் இந்த வார்த்தையை முதல் தடவையாக எழுதுகிறேன்.

இட்லி வைத்துக்கொண்டே வடிவு தானாக ஆரம்பித்தாள். "வெள்ளிக்கெழம சார்ஜ் குடுக்கணுங்க."

எனக்கு உடனே பிடிபட்டது. அன்று நடுவழியில் நின்றதிலிருந்து பாடம் படித்துவிட்டாள். வீட்டில் எண்பது, மீதியை ஆபீஸ் பிளக்கில் கொஞ்சம். லித்தியத்துக்கு அதுதான் உகந்தது. ஒரேயடியாக நிரப்புவதைவிட, முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது.

"தாராளமா குடு" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. "நெசமாவா? கோவம் இல்லயே?"

"இதுல என்ன கோவம்? நல்ல முடிவு. எனக்கு சந்தோசந்தான்."

அவள் கண் கலங்கியது. ஒரு பிளக் விஷயத்துக்கு ஏன் இப்படி என்று நினைத்தேன். ஆனால் இரண்டு மாதச் சண்டை தீர்கிறதே, கலங்கட்டும். "சார்ஜ் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதும் எல்லாரும் ஒக்காந்து காப்பி சாப்புடுவாங்க. நாலு மணிக்கு நீங்களும் வந்துருங்க, என்ன?" என்றாள்.

என் நோட்டுக்கு அவள் வைத்த பெயர் நன்றாக இருக்கிறது. கையெழுத்துப் போடவும் சம்மதித்துவிட்டாள்! ஆபீஸ்காரர்களுக்கும் காட்டப் போகிறாள் போல. அட்டையில் 'சார்ஜ் ரிப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

சாயங்காலம் பணியாரம் சுட்டாள். அந்தக் கொடைக்கானல் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பேரி மரம் இருக்கிறதாம், சொல்லிக்கொண்டே இருந்தாள். "குளிரு பழகிருங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு காலையில ஏரிப் பக்கம் நடந்து போயிட்டு வரலாம்" என்றாள். கிடைக்காமல் போனதைப் பேசி ஆற்றிக்கொள்கிறாள், பாவம் என்று நானும் தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வடிவு பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கி மொட்டைமாடியில் வெயிலில் வைத்திருக்கிறாள். ஹைதராபாத் போகத் திட்டமாக இருக்கும். கேட்கலாம் என்று மாடி வரை போனேன். கொடியில் அவளுடைய இரண்டு ஸ்வெட்டரும் காய்ந்தன. ஒரு மாதிரி இருந்தது. கேட்காமல் இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஸ்கூட்டர் சார்ஜரையும் நோட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு சரியாக நாலு மணிக்கு அவளுடைய ஆபீஸுக்குப் போனேன். கவுண்டர் காலி. உள்ளே தபால் பிரிக்கிற மேஜைகளைச் சேர்த்துப் போட்டு விரிப்பு விரித்திருந்தார்கள். தட்டுகளில் கேசரி, மிக்சர். பத்துப் பன்னிரண்டு பேர். தபால்காரர் ஜெயபால் எழுந்து ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். மேடத்துக்குப் பக்கத்துல ஒக்காருங்க."

"அதுக்கு முன்னாடி, பிளக் பாயிண்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்கூட்டருக்கு சார்ஜ் குடுக்கணும்னு சொன்னா."

ஜெயபால் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "மேடந்தான் சார்ஜ் குடுத்தாச்சே சார்! இப்பத்தான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாங்க. திங்கக்கெழம கொடைக்கானல்ல போய் சார்ஜ் எடுக்குறாங்க."

சார்ஜ் கொடுப்பது என்றால் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. சார்ஜ் எடுப்பது என்றால் புது இடத்தில் பொறுப்பேற்பது. முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்காரியோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளுடைய ஒவ்வொரு போஸ்ட் மாஸ்டரும் சார்ஜ் எடுத்த கதை, கொடுத்த கதை எல்லாம் கேட்டவன்தான். இந்த இரண்டு மாதமாக அந்த வார்த்தைக்கு என் காதில் ஒரே அர்த்தம்தான் ஏறியிருக்கிறது.

வடிவு உள்ளறையிலிருந்து வந்தாள். பட்டுப் புடவை, தலையில் மல்லிகை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் மஞ்சப்பையைப் பார்த்தாள். பையின் வாயில் சார்ஜர் வயர் தொங்கிக்கொண்டிருந்தது, நோட்டின் அட்டையும் தெரிந்தது. அவளுக்குப் படித்துத் தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது.

ஆனாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் மாலை போட்டார்கள், எனக்கு ஒரு சால்வை. அவள் எத்தனை பேருக்கு என்னென்ன செய்தாள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முதியோர் பென்ஷன் வாங்க வருகிறவர்களுக்கு அவளே நாற்காலி வாங்கிப் போட்டாளாம். எனக்குத் தெரியாது. பிறகு ஜெயபால், "சார் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

எழுந்தேன். எனக்கு எதுவும் தெரியாது, இப்போதுதான் தெரியும் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "எல்லாருக்கும் வணக்கம். நம்ம எல்லார்கிட்டயும் ஃபோன் இருக்கு. அத யாரும் நூறு வரைக்கும் ஏத்தாதீங்க" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, "ஃபாஸ்ட் சார்ஜர் போடலாமா சார்?" என்று கேட்டாள். "அவசரத்துக்குப் போடலாம்மா, தெனமும் வேணாம், சூடு ஏறும்" என்று அதற்கும் பதில் சொன்னேன். வடிவு முழு நேரமும் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26, சனி

சண்டை. நான்தான் கத்தினேன். "என்கிட்ட மறச்சுட்டல்ல? வேணாம்னு எழுதிக் குடுத்தேன்னு பொய் சொன்னல்ல?"

"எழுதிக் குடுத்தியான்னு கேட்டீங்க. குடுத்துட்டேன்னு சொன்னேன். என்னன்னு எழுதிக் குடுத்தன்னு நீங்க கேக்கல" என்றாள். குரலே உயரவில்லை. "அது என் தப்புதான், ஒத்துக்கிறேன். அன்னைக்கி உங்ககூட மல்லுக்கட்ட தெம்பு இல்ல. அதுனாலதான் செவ்வாக்கெழம பயந்துக்கிட்டே சொன்னேன். நீங்க தாராளமா குடுன்னீங்க."

"நான் ஸ்கூட்டர்னு நெனச்சேன்."

"தெரியும். நேத்து தெரிஞ்சுச்சு." சூட்கேஸில் புடவையை மடித்து வைத்தாள். "மூணு நாளு எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுமா? நித்திலாகிட்ட ஃபோன் போட்டு, உங்கப்பாவ நான் தப்பா நெனச்சுட்டேன்டின்னு சொன்னேன். கூட வரப் போறீங்கன்னே நெனச்சேன்."

"நீ எங்க என்னக் கூப்புட்ட?"

"குவார்ட்டர்ஸ் ரெண்டு பேருக்குத் தாராளம்னேன். சேந்து நடக்கலாம்னேன். இதுக்கு மேல எப்படிங்க கூப்புடுறது?"

எரிச்சலில் நோட்டை ஆணியிலிருந்து பிடுங்கிப் பழைய பேப்பரோடு போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை ஏழு மணி பஸ், ஆரப்பாளையத்திலிருந்து. கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வருகிற மாதிரி அவள் ஃபோனை நூறு வரை ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள், பையில் போட்டுக்கொண்டாள்.

சூட்கேஸை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். சொல்ல வேண்டியதை ஆட்டோவில் வரும்போதே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பேசியதற்கு மன்னிச்சுக்கோ, நீ இல்லாமல் எனக்கு முடியாது, இரண்டே வரி. டிரைவர் ஏறிவிட்டார்.

"ஃபோன ஜன்னல் வெயில்ல வச்சுராத" என்றேன்.

"சரிங்க" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஸ்கூட்டரை ஓட்ட ஆள் இல்லை. ரொம்ப நாள் சும்மா நிற்கிற பேட்டரியைப் பாதியில், நிழலில் வைக்க வேண்டும். ஐம்பதில் நிறுத்திப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். லேப்டாப் ஐம்பத்தைந்து. என் ஃபோன் எழுபது. வீட்டில் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. நான் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது, எதிர்த்துப் பேச ஒருத்தர் கிடையாது, எனக்கு எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அவள் மேல் கோபம் என்று நேற்று வரை நினைத்தேன். அவள் மேல் இல்லை.

இரண்டு நாளாக மத்தியானம் சாப்பிடவில்லை. வடிவு இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

நாளைக்கு லீவு. ஆபீஸ் வேலை இருக்காது. காலையில் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

மே 1, வியாழன்

பத்து மணிக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ குருவிச் சத்தம்.

"சாப்புட்டியா?" என்று கேட்டேன். உப்புமா சாப்பிட்டாளாம். ஆபீஸில் நாலே பேர்தானாம், எல்லாரும் நல்ல மாதிரியாம். முதல் நாள் சாவிக்கொத்தைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்த்தாளாம். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. முன்னால் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம். ஒரு தடவைகூட எத்தனை சதவீதம் இருக்கிறது என்று கேட்கவில்லை.

அவள் நிறுத்தியதும் கேட்டேன். "வடிவு, நான் அங்கிட்டு வரட்டுமா? உன்கூட இருக்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"கொஞ்ச நாளு போகட்டுங்க" என்றாள். கோபமே இல்லை, அன்பாகத்தான் சொன்னாள். "நான் கொஞ்ச நாளு தனியா இருந்து பாக்குறேன்."

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.